ஃப்ரெட் எல். வொர்த்தும் ‘பிலிப்’ கொலம்போவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஃப்ரெட் வொர்த்?

1970, 80களில் அமெரிக்காவில் துணுக்குத் தகவல் நூல்களால் பெயர் வாங்கிய தொகுப்பாசிரியர். சோறு போட்ட வேலை வேறு: கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். சினிமா, தொலைக்காட்சித் தொடர், பாட்டு, விளையாட்டு, போர் என்று கண்ணில் பட்ட சின்னச் சின்னத் தகவலை எல்லாம் பல ஆண்டுகள் சேர்த்து, அகர வரிசைப்படுத்தி நூலாக்கினார்.

இன்று அவர் பெயர் இரண்டு இடங்களில் அடிபடுகிறது. ஒன்று, வினாடி வினாக்காரர்கள் பேச்சில். இன்னொன்று, பதிப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் மத்தியில். இரண்டுக்கும் காரணம் அவர் தன் நூலில் வேண்டுமென்றே வைத்த ஒரே ஒரு பொய்: கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ‘பிலிப்’ என்பது.

என்னென்ன நூல்கள் எழுதினார்?

முதலில் வந்தது 1974இல் ‘தி ட்ரிவியா என்சைக்ளோபீடியா’. அதை விரிவாக்கி 1977இல் ‘தி கம்ப்ளீட் அன்அப்ரிட்ஜ்டு சூப்பர் ட்ரிவியா என்சைக்ளோபீடியா’ வந்தது. 1981இல் அதன் இரண்டாம் தொகுதி. இவை தவிர எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி ஸ்டீவ் டமேரியஸோடும், இரண்டாம் உலகப் போரைப் பற்றி டான் மெக்கோம்ஸோடும் சேர்ந்து எழுதினார். பின்னால் ட்ரிவியல் பர்ஸ்யூட் என்ற கேள்வி-பதில் பலகை விளையாட்டின் மீது வழக்குப் போட்டார். அந்த வழக்கில் பேசப்பட்டவை 1977, 1981ஆம் ஆண்டுத் தொகுதிகள்தாம்.

அந்தக் களஞ்சியங்களின் அமைப்பு எப்படி?

ஒரு தலைச்சொல், அதன் கீழே ஓரிரு வரியில் விடை. அவ்வளவுதான். கட்டுரை கிடையாது, விளக்கம் கிடையாது. தொடரில் வரும் துப்பறிவாளரின் பெயர், படத்தில் வரும் காரின் எண், பாட்டில் வரும் தெருவின் பெயர் என்று ஆயிரக்கணக்கான பதிவுகள்.

இந்தச் சுருக்கம் வாசகருக்கு வசதி. சட்டத்தின் முன்னால் நிற்கும்போது இதே சுருக்கம்தான் ஆசிரியரின் காலை வாரியது. அந்தக் காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

‘பிலிப்’ கதை என்ன?

‘கொலம்போ’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய துப்பறியும் தொடர். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் உருவாக்கிய பாத்திரம். நடித்தவர் பீட்டர் ஃபால்க். கசங்கிய மழைக்கோட்டு, பழைய பியூஜோ 403 கார், போகிற போக்கில் திரும்பி நின்று கேட்கும் இன்னொரு கேள்வி. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கொலை வழக்குப் பிரிவில் லெஃப்டினென்ட். அவருடைய முதற்பெயரைத் தொடரில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

வொர்த் தன் நூலில் அந்த முதற்பெயர் ‘பிலிப்’ என்று எழுதினார். அது அவரே கற்பித்த பெயர். வேறொருவர் தன் நூலைப் பார்த்து எழுதினால் அவர் பக்கத்திலும் ‘பிலிப்’ முளைக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் தப்பையும் சேர்த்து எழுதித்தானே மாட்டுகிறான்!

கண்ணியை அங்கே ஏன் வைத்தார்?

இடத் தேர்வில் அவருடைய அனுபவம் தெரிகிறது. நல்ல கண்ணிக்கு மூன்று குணம் வேண்டும், ‘பிலிப்’புக்கு மூன்றும் இருந்தன.

ஒன்று, நம்பும்படி இருக்க வேண்டும். ‘பிலிப் கொலம்போ’ காதில் இடறாத பெயர். இரண்டு, போட்டிக்கு வேறு விடை பரவியிருக்கக் கூடாது. ‘அந்த நூலில் வேறு பெயர் போட்டிருக்கிறதே’ என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. மூன்று, சரிபார்ப்பது கடினமாக இருக்க வேண்டும். 1974இல் வீடுகளில் வீடியோ கேசட் அநேகமாகக் கிடையாது. தொடர் ஒளிபரப்பாகும் அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அப்படியானால் உண்மையான பெயர் என்ன?

1971இல் வந்த ‘டெட் வெயிட்’ என்ற பகுதியில் கொலம்போ தன் போலீஸ் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறார். அட்டை திரையில் அருகில் காட்டப்படுகிறது. கையெழுத்தில் ‘ஃப்ராங்க் கொலம்போ’ என்று இருக்கிறது. ஓடுகிற படத்தில் கண்சிமிட்டும் நேரம். டிவிடி வந்து, படத்தை நிறுத்திவைத்துப் பார்க்க முடிந்த பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. அது நாடகப் பொருளாகத் தயாரித்த அட்டை. பாத்திரத்துக்கு முதற்பெயரே வைக்கவில்லை என்பதுதான் உருவாக்கியவர்களின் நிலை. எப்படிப் பார்த்தாலும் ‘பிலிப்’ எங்கும் இல்லை.

ட்ரிவியல் பர்ஸ்யூட் எப்படி உள்ளே வந்தது?

1979 டிசம்பர் 15 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் பத்திரிகைப் புகைப்பட ஆசிரியர் கிறிஸ் ஹேனியும் விளையாட்டுச் செய்தியாளர் ஸ்காட் அபாட்டும் எழுத்து வில்லைகளால் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட உட்கார்ந்தார்கள். பெட்டியில் சில வில்லைகளைக் காணோம். நாமே ஒரு விளையாட்டு செய்தால் என்ன என்ற பேச்சில் பிறந்தது ட்ரிவியல் பர்ஸ்யூட். ஹேனியின் அண்ணன் ஜான் ஹேனியும் எட் வெர்னரும் கூட்டுச் சேர்ந்தார்கள். கிறிஸ் ஹேனி ஸ்பெயினின் நெர்ஹா என்ற கடற்கரை ஊரில் தங்கி, பார்வை நூல்களை வைத்துக்கொண்டு கேள்வி எழுதினார்.

முதல் பதிப்பில் 1,000 அட்டை, அட்டைக்கு ஆறு கேள்வி, ஆக 6,000. புவியியலுக்கு நீலம், பொழுதுபோக்குக்கு இளஞ்சிவப்பு, வரலாற்றுக்கு மஞ்சள், கலை இலக்கியத்துக்குப் பழுப்பு, அறிவியலுக்குப் பச்சை, விளையாட்டுக்கு ஆரஞ்சு. 1981இல் சோதனையாக 1,100 பெட்டி செய்தார்கள். பெட்டிக்கு 75 டாலர் அடக்கமாகி, 15 டாலருக்குக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். அதே விளையாட்டு 1984இல் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிக்கு மேல் விற்றது.

அதில் ஒரு கேள்வி: கொலம்போவின் முதற்பெயர் என்ன? அட்டையின் பின்புற விடை: பிலிப்.

வழக்கில் என்ன கேட்டார்?

1984 அக்டோபரில் வொர்த் 30 கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். முதல் பதிப்பின் கேள்விகளில் கால்பங்குக்கு மேல் தன் நூல்களிலிருந்து வந்தவை, அச்சுப்பிழைகள்கூட அப்படியே ஏறியிருக்கின்றன என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பில் அமெரிக்காவில் அந்த விளையாட்டை வெளியிட்ட செல்கோ அண்ட் ரைட்டர் நிறுவனமும் இருந்தது.

விளையாட்டை உருவாக்கியவர்கள் மறுக்கவில்லை. ஆம், வொர்த்தின் நூல்களைப் பயன்படுத்தினோம், பல நூல்களில் அவையும் சில. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, இதுவே அவர்கள் பதில்.

கலிஃபோர்னியாவில் மத்திய மாவட்ட நீதிமன்றம் முழு விசாரணைக்குப் போகாமலே அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1987 செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1988 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை.

கையும் களவுமாகப் பிடித்தும் ஏன் தோற்றார்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் பிடிபட வேண்டுமானால் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: எதிராளி பார்த்து எழுதினாரா? இரண்டாம் கேள்வி: எழுதியது சட்டம் காக்கிற பொருளா? கண்ணி பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும். ‘பிலிப்’ அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தது. ஆனால் எதிர்த்தரப்பே ‘ஆமாம், எடுத்தோம்’ என்று ஒப்புக்கொண்டதும் முதல் கேள்வி தீர்ந்துபோய், கண்ணிக்கு வேலை இல்லாமல் போனது. மொத்த வழக்கும் இரண்டாம் கேள்வியில் போய் நின்றது.

அங்கே அவருக்குச் சாதகமாக எதுவும் இல்லை. பதிப்புரிமை காப்பது சொல்லும் விதத்தை; சொல்லப்படும் தகவலை அது காப்பதில்லை. ஒரு தகவலைக் கண்டுபிடிக்க எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், அந்தத் தகவலைப் படைத்தவர் நீங்கள் ஆக மாட்டீர்கள். அது உலகத்தில் ஏற்கெனவே இருந்தது.

சரி, சொல்லும் விதமாவது தப்பியதா? ‘இன்னாரின் காரின் எண் இது’ என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? ஒன்றோ இரண்டோ. அந்த ஒரு வழியை ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தால் தகவலையே கொடுத்ததாகிவிடும். அதனால் இப்படிப்பட்ட நூலுக்குச் சட்டம் தரும் காப்பு மிக மெல்லியது. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தால்தான் குற்றம். விளையாட்டுக்காரர்களோ வாக்கியத்தைக் கேள்வியாகத் திருப்பிப்போட்டிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது வரிசையும் தேர்வும். வொர்த்தினுடையது அகர வரிசை. விளையாட்டிலோ தகவல்கள் ஆறு பிரிவாகப் பிரிந்து அட்டைகளில் கலைந்து கிடந்தன. அவர் தேர்ந்தெடுத்த முழுத் தொகுப்பையும் எடுக்கவில்லை. ஒரு பகுதியை எடுத்து, மற்ற நூல்களின் தகவலோடு கலந்தார்கள். அந்த வழியும் அடைந்தது.

‘பிலிப்’ உண்மை அல்லவே! அது அவர் கற்பனை. அதற்காவது உரிமை இருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை உண்மை என்று அச்சடித்து விற்றுவிட்டு, பிறகு ‘அது என் கற்பனை, நீ எடுத்தது தப்பு’ என்று சொல்ல அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக விடுவதில்லை. நம்பி எடுத்தவர் எது தகவல், எது புனைவு என்று எப்படித் தெரிந்துகொள்வார்? 1992இல் நியூயார்க் டாக்சி வழிகாட்டி நூல் ஒன்றைப் பற்றிய வழக்கிலும், 1997இல் பென்சில்வேனியாவில் வரைபட நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கிலும் இதே முடிவுதான்: உண்மை என்று காட்டப்பட்ட பொய்யும் உண்மையைப் போலவே நடத்தப்படும். அச்சுப்பிழையும் அப்படித்தான். சாட்சியாக நிற்கும், சொத்தாக நிற்காது.

உழைப்புக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முடித்துவைத்தது 1991 மார்ச் 27இல் வந்த ஃபைஸ்ட் தீர்ப்பு. கான்சாஸ் மாநிலத்தில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் எண் புத்தகத்திலிருந்து ஃபைஸ்ட் நிறுவனம் பதிவுகளை எடுத்தது. 1,309 பதிவுகள் அச்சு அசலாக ஒத்துப்போயின. அவற்றில் நான்கு, ரூரல் வேண்டுமென்றே வைத்த போலிப் பெயர்கள். அதாவது ‘பிலிப்’பின் உடன்பிறப்புகள். அங்கும் கண்ணி கண்ணியமாக வேலை செய்தது, அங்கும் வைத்தவர் தோற்றார். உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்பாற்றல் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 1996இல் வந்த தரவுத்தள உத்தரவின்படி, தகவலைத் திரட்டவும் சரிபார்க்கவும் பெரும் செலவு செய்தவருக்கு 15 ஆண்டு தனி உரிமை உண்டு. வொர்த் அங்கே, அதற்குப் பிறகு வழக்குப் போட்டிருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தொகுப்பையும் இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, குறைந்தபட்சத் தேர்வுத் திறனும் தீர்மானமும் தெரிய வேண்டும் என்றது. தீர்ப்பு வாசகத்தின் மீது உரிமை இல்லை. பதிப்பாசிரியர்கள் யோசித்துப் பிரித்துப் போட்ட பத்தி எண்களுக்கும் அவர்கள் சேர்த்த குறிப்புகளுக்கும் உண்டு.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். சட்டம் சரி. தகவலுக்கு வேலி போட்டால் அடுத்த நூலை யாரும் எழுத முடியாது. அதற்காக, ஒருவர் திரட்டியதை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டு முகப்பில் ஒரு வரி நன்றிகூட எழுதாமல் விடுவது சரியாகிவிடாது. வழக்கில் தோற்றாலும் அந்த நன்றி வொர்த்துக்கு உரியது.

வேறு யாரெல்லாம் இப்படிக் கண்ணி வைத்தார்கள்?

வரைபடக்காரர்கள் பழைய கைகள். 1930களில் ஆட்டோ லிண்ட்பெர்க், எர்னஸ்ட் ஆல்பர்ஸ் இருவரும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கலைத்துப்போட்டு ‘அக்ளோ’ என்ற இல்லாத ஊரை நியூயார்க் மாநில வரைபடத்தில் ஒரு மண்சாலைச் சந்திப்பில் வைத்தார்கள். பிறகு ராண்ட் மெக்நேலி நிறுவனத்தின் வரைபடத்திலும் அக்ளோ வந்தது. ஆனால் அதற்குள் வரைபடத்தைப் பார்த்த யாரோ அந்த இடத்தில் ‘அக்ளோ ஜெனரல் ஸ்டோர்’ என்று ஒரு கடையே திறந்திருந்தார்கள். இல்லாத ஊர் இருக்கிற ஊராகிவிட்டது! கண்ணி வைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய ஆபத்து இது. பொய் வெளியே நடமாடினால் ஒருநாள் கால் ஊன்றிவிடும்.

1975ஆம் ஆண்டு நியூ கொலம்பியா என்சைக்ளோபீடியாவில் லிலியன் வர்ஜினியா மவுண்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. இத்தகைய போலிப் பதிவுகளுக்கே இன்று ஆங்கிலத்தில் ‘மவுண்ட்வீசல்’ என்று பெயர். 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதியில் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்ற சொல். பொருள், கடமையிலிருந்து வேண்டுமென்றே நழுவுதல். 2005இல் குட்டு வெளிப்பட்டது.

பொது அறிவு நூல் தொகுக்கிறேன். மற்ற நூல்களிலிருந்து எடுக்கலாமா?

தகவலை எடுக்கலாம். எடுக்கும் முறையில்தான் சிக்கல் வரும்.

ஒரே நூலைத் திறந்துவைத்துக்கொண்டு வரிசையாக எழுதாதீர்கள். அதன் தேர்வும் வரிசையும் உங்களை அறியாமலே உங்கள் நூலில் ஏறிவிடும். காப்பு உள்ள பகுதி அதுதான். முதலில் உங்கள் தலைப்புப் பட்டியலை நீங்களே போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தகவல் தேடுங்கள். பதிவுக்கு ஒரு சீட்டு: தகவல், கிடைத்த நூல், பக்க எண், சரிபார்த்த மூலம், தேதி. நூலை மூடிவைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்து உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். தேர்வு நூல்களில் வரும் நான்கு விடைத் தெரிவுகளை அப்படியே எடுப்பது தவறு. தவறான மூன்று தெரிவுகளையும் யோசித்து வைத்தது இன்னொருவர் மூளை. அது தகவல் அல்ல.

துணுக்கை எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு நூலில் இருந்தால் போதும் என்ற விதிதான் ‘பிலிப்’பை வாழவைத்தது. வொர்த் நூலில் ‘பிலிப்’, விளையாட்டு அட்டையில் ‘பிலிப்’. எண்ணிக்கை இரண்டு, ஊற்று ஒன்று. அட்டையைப் பார்த்து எழுதியவரையும் சேர்த்தால் மூன்று. அப்போதும் ஊற்று ஒன்றுதான்.

ஆகவே எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாமல், முதலில் சொன்னவர் யார் என்று ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் போங்கள். முதற்சான்று வரை போய்த் தொடுங்கள்: படமென்றால் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள், சட்டமென்றால் அரசிதழ், கல்வெட்டென்றால் தொல்லியல் துறை பதிப்பித்த வாசகம். முதற்சான்றில் இல்லாமல் துணுக்கு நூல்களில் மட்டும் உலவுகிற தகவல் எதுவானாலும் சந்தேகப் பட்டியலில் போடுங்கள். அது மிகவும் அழகாக, ஒரே வரியில், எந்த மாற்றுக் கருத்தும் இல்லாமல் இருந்தால் இன்னும் ஒருமுறை பாருங்கள்.

என் நூலில் நானும் கண்ணி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தகவலில் வைக்காதீர்கள். மாணவர் படிக்கும் நூலில் பொய் விடை வைத்தால் அவருடைய மதிப்பெண் போகும். மருந்து, சட்டம், பயணம் பற்றிய நூலென்றால் அதைவிட மோசம். வாக்கியத்தில் வையுங்கள். உங்கள் சொந்த எடுத்துக்காட்டு, நீங்களே உருவாக்கிய ஒப்புமை, ஒரு விளக்கப் பத்தி, வழக்கத்துக்கு மாறான உட்பிரிவு முறை. இவற்றை எடுத்தவர் பார்த்து எழுதினார் என்பதும் தெரியும், எடுத்தது காப்புக்கு உட்பட்ட பொருள் என்பதும் நிற்கும். வொர்த்துக்குக் கிடைக்காத இரண்டாம் பதில் உங்களுக்குக் கிடைக்கும்.

தனிக் குறிப்பேடு ஒன்று வைத்து, எந்தப் பக்கத்தில் எது உங்கள் சொந்தச் சரக்கு என்று அச்சுக்குப் போகுமுன்பே தேதியோடு எழுதுங்கள். பிறகு எழுதினால் மதிப்பில்லை. இந்தியாவில் பதிப்புரிமை எழுதிய கணமே உண்டாகிவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சான்றுக்கு நல்லது. 14ஆம் படிவம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்க் கட்டணம், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு. காப்பு, ஆசிரியரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டும்.

ட்ரிவியல் பர்ஸ்யூட் மீது வேறு வழக்கும் உண்டா?

உண்டு. விளையாட்டின் யோசனையே தன்னுடையது, 1979இல் காரில் ஏற்றிச் சென்ற கிறிஸ் ஹேனியிடம் தான் சொன்னது என்று நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த டேவிட் வால் 1994இல் வழக்குப் போட்டார். 2007இல் அதுவும் தோற்றது. ஹேனி 2010 மே 31இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே விளையாட்டின் உரிமையை ஹாஸ்ப்ரோ நிறுவனம் 8 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

வினாடி வினாவில் கொலம்போவின் முதற்பெயரைக் கேட்டால் என்ன சொல்வது?

‘ஃப்ராங்க், அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று சொல்லுங்கள். நடத்துபவர் கையில் பழைய அட்டைப் பெட்டி இருந்து, விடை ‘பிலிப்’ என்றால், ‘டெட் வெயிட்’ பகுதியைப் போட்டு அட்டை தெரியும் இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள். நீங்களே கேள்வி தயாரிப்பவரானால் ‘முதற்பெயர் என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘1971இல் வந்த பகுதியில் கொலம்போவின் அடையாள அட்டையில் காணப்படும் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான்.